தரவு கிடக்கும் இடத்துக்கு வேலையைக் கொண்டுபோங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் கூடுதலானவை மரபணு ஆய்வைப் பற்றியவை. வளாகத்தில் படிக்கும் பிள்ளைகள், ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர்கள், ஒரு தகப்பன் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, முழு இடத்தையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன். உப்புவெளியில் வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு ஆய்வுக்குழு ஒன்றுக்கு நான் செய்வதும் இந்த வேலைதான்: மனித மரபணுத் தரவைக் கிளவுட் கணினிகளில், அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் தூரத்துக் கணினிகளில், ஓட்டி, முடிவை எடுத்துக் கொடுப்பது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இதில் இறங்குவது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அக்கா, என்னிடம் இருப்பது 8 ஜிபி ரேம் உள்ள லெப்டொப். டெங்கு வைரஸின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டு ஒரு செயற்றிட்டம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். கிளவுட் எடுக்காமல் இது சரிவராது என்கிறார் ஒரு சீனியர் அண்ணா. அப்பாவிடம் காசு கேட்க மனம் வரவில்லை. என்ன செய்வது?
– மாணவி, உவர்மலை

கேட்க வேண்டாம், தங்கச்சி. டெங்கு வைரஸின் மரபணு முழுவதும் ஏறத்தாழ 10,700 எழுத்துகள்தான். ஆயிரம் வைரஸ்களின் முழு வரிசையை ஒரே கோப்பில் போட்டாலும் 11 எம்பி அளவில் நிற்கும். மாஃப்ட் என்ற மென்பொருளால் வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, ஐக்யூட்ரீயால் உறவு மரம் வரைவதை உங்கள் லெப்டொப்பே செய்து முடித்துவிடும். மரம் வரைவதற்குக் கொஞ்ச நேரம் எடுக்கலாம், அவ்வளவுதான்.

எது லெப்டொப்புக்கு அடங்கும், எது அடங்காது என்பதை உயிரியின் அளவை வைத்துக் கணிக்கலாம். காசநோய்ப் பக்டீரியாவின் மரபணு 44 இலட்சம் எழுத்து. அதுவும் 8 ஜிபிக்குள் அடங்கும். நெல் 39 கோடிக்குக் கிட்ட. மனிதன் ஏறத்தாழ 310 கோடி. அதோடு மனித மரபணுவை ஒருமுறை வாசித்தால் போதாது. ஒவ்வொரு இடத்தையும் சராசரி 30 தடவை வாசிப்பார்கள். அப்போது ஒரே ஒரு ஆளுக்கு இயந்திரம் வாசித்துத் தரும் மூலக் கோப்பு, சுருக்கிய பிறகும், 60 முதல் 100 ஜிபி வரை வரும். மனித ஆர்என்ஏ தரவைப் பொருத்திப் பார்க்கும் ஸ்டார் என்ற கருவிக்கு மட்டும் 30 ஜிபி ரேம் வேண்டும். கிளவுட் தேவைப்படுவது அங்கேதான்.

மூலக் கோப்புகளிலிருந்து தொடங்கச் சொன்னாலும் உடனே வங்கி அட்டையைத் தேடாதீர்கள். கலக்ஸி என்று ஒரு பொதுச் சேவை இருக்கிறது. அமெரிக்கா, ஐரோப்பா, அவுஸ்திரேலியா மூன்றிலும் அதன் பெரிய சேர்வர்கள் உண்டு. மின்னஞ்சல் ஒன்றை வைத்து இலவசமாகப் பதியலாம். பிரவுசரில் கருவியைத் தேர்ந்து ஓடவிட்டால் வேலை அவர்களுடைய கணினியில் நடக்கும். இன்னொன்று: 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டு நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் பதிவானார்கள். ஜென்பாங்க் தரவுத்தளத்தில் இலங்கையிலிருந்து எடுத்த டெங்கு வரிசைகளும் இருக்கின்றன. எங்கோ ஒரு நாட்டின் தரவை எடுக்காமல் அவற்றிலிருந்து தொடங்குங்கள். நான்கு வகை டெங்குவில் எது எந்த ஆண்டு எங்கள் பக்கம் வந்தது என்று மரத்தில் தேடிப் பார்க்கும்போது வேலையே வேறு மாதிரி இருக்கும்.

ஆயிரம் மரபணுத் திட்டத்தில் இலங்கைத் தமிழர்களின் முழு மரபணுத் தரவு இருப்பதாக அறிந்தேன். தலசீமியாவோடு தொடர்புடைய ஹீமோகுளோபின் ஜீனை அதில் பார்க்க வேண்டும். இரவிரவாக டவுன்லோட் போட்டும் ஒரு கோப்புக்கூட முழுதாக வந்து சேரவில்லை. இதற்கு எந்த டேட்டா பெக்கேஜ் நல்லது?
– முதுகலை மாணவர், நிலாவெளி வீதி

பெக்கேஜை மாற்றி இதற்குத் தீர்வு வராது, தம்பி. கணக்கைப் பாருங்கள்.

அந்தத் திட்டத்தில் எஸ்டியு என்ற குறியீட்டோடு இருப்பவர்கள் பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர்கள், 102 பேர். 26 சமூகங்களைச் சேர்ந்த 2,504 பேரின் தரவு 2015இல் வெளியானது. பிறகு நியூயோர்க் ஜீனோம் சென்டர் அதே ஆட்களையும் அவர்களின் உறவினர் சிலரையும் சேர்த்து 3,202 பேரை 30 மடங்கு ஆழத்தில் மறுபடி வாசித்து வெளியிட்டது. அதில் ஓர் ஆளின் கிரேம் கோப்பு (வாசித்த துண்டுகளைப் பொருத்திச் சுருக்கி வைத்தது) சுமார் 15 ஜிபி. 102 பேருக்கு 1.5 டெராபைட். நொடிக்கு 10 மெகாபிட் வேகம் ஒருபோதும் குறையாமல், கரண்டும் போகாமல், இரவு பகலாக இறக்கினாலும் இரண்டு கிழமை பிடிக்கும். வந்து சேர்ந்தாலும் வைக்க வட்டு வேண்டும், ஓட்ட ரேம் வேண்டும்.

தரவு கிடப்பது கிளவுட் கணினிகளை வாடகைக்கு விடும் அமேசானின் வர்ஜீனியா நிலையத்தில், யாரும் திறக்கக்கூடிய பொதுக் களஞ்சியத்தில். கணக்குத் திறக்காமலே வாசிக்கலாம். ஆகவே நீங்கள் வாடகைக்கு எடுக்கும் கணினியையும் அதே வர்ஜீனியாவில் எடுங்கள். பக்கத்து அறையிலிருந்து கொப்பியை எடுப்பதுபோல் அந்த 15 ஜிபியும் வந்து சேரும். ஒரே நிலையத்துக்குள் என்பதால் கடத்தல் கட்டணமும் இல்லை. பலர் திருமலைக்குக் கிட்ட என்று மும்பாயையோ சிங்கப்பூரையோ தெரிவுசெய்கிறார்கள். கணினி உங்களுக்குக் கிட்ட இருக்கத் தேவையில்லை. தரவுக்குக் கிட்ட இருந்தால் போதும். திரையில் நீங்கள் தட்டும் எழுத்து வர்ஜீனியா போய்வரக் கொஞ்சம் தாமதமாகும், அது ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் உங்களுடைய கேள்விக்கு அவ்வளவு பெரிய கணினிகூடத் தேவையில்லை. நீங்கள் தேடும் ஹீமோகுளோபின் ஜீன்களில் ஒன்றான பீட்டா குளோபின் 11ஆவது குரோமோசோமில் வெறும் 1,600 எழுத்து நீளம். கிரேம் கோப்போடு ஒரு சுட்டிக் கோப்பும் இருக்கும். எந்தப் பகுதி கோப்பில் எங்கே கிடக்கிறது என்று அது சொல்லும். இப்படியான கோப்புகளைக் கையாளும் சாம்டூல்ஸ் என்ற மென்பொருளில் 'வியூ' கட்டளைக்குக் கோப்பின் இணைய முகவரியையும், பிறகு குரோமோசோம், தொடக்கம், முடிவு ஆகியவற்றையும் கொடுத்தால், அது சுட்டியைப் பார்த்து அந்தத் துண்டை மட்டும் இழுத்து வரும். ஓர் ஆளுக்கு 15 ஜிபி இறக்க வேண்டிய இடத்தில் சில எம்பியோடு காரியம் முடிந்துவிடும். கிரேமை வாசிக்க ஒப்பீட்டு மரபணுக் கோப்பும் (எல்லாருடைய வரிசையையும் ஒப்பிடும் பொது மாதிரி) வேண்டும். அதை ஒருமுறை இறக்கி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சாம்டூல்ஸால் கிரேமை வாசிக்க முடியாமல் போகலாம்.

இந்த இடத்தில் ஒன்றை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒப்பீட்டு மரபணுவில் இரண்டு பதிப்புகள் புழக்கத்தில் உள்ளன, 37 மற்றும் 38. உதாரணத்துக்கு, இதே ஜீனில் அரிவாள் செல் நோய்க்குக் காரணமான ஒற்றை எழுத்து 38ஆம் பதிப்பில் 5,227,002ஆவது இடத்தில் இருக்கிறது. 37இல் அதே எழுத்து 5,248,232. இடைவெளி 21,230 எழுத்து. நியூயோர்க் சென்டரின் கோப்புகள் 38இல் உள்ளவை. பழைய கட்டுரையொன்றிலிருந்து 37இன் இலக்கத்தை எடுத்து இந்தக் கோப்பில் கேட்டால் கணினி எந்தப் பிழைச் செய்தியும் தராது. ஜீனுக்கு வெளியே வேறோர் இடத்தை அழகாக எடுத்துக் கொடுக்கும். ஆழம் 30 இருக்கும், தரம் நன்றாக இருக்கும், எல்லாம் ஒழுங்காகத் தெரியும். "மாற்றம் இல்லை" என்று நீங்கள் எழுதிவிடுவீர்கள். ஆகவே நூற்றியிரண்டு பேரையும் தொட முன்னர் ஒரு கோப்பின் தலைப்புப் பகுதியைத் திறந்து, 11ஆவது குரோமோசோமின் நீளத்தையும், அது '11' என்றா அல்லது முன்னே 'சீஎச்ஆர்' சேர்த்தா எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

முடிவை எழுதும்போதும் அளவோடு எழுதுங்கள். இந்த ஆட்களைப் பற்றிய உடல்நல விவரம் எதுவும் திட்டத்தில் கிடையாது. 102 பேரை வைத்து திருகோணமலையில் இத்தனை வீதம் தலசீமியாக் காவிகள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் எங்கள் சனத்தின் தரவு உலகப் பொதுக் களஞ்சியத்தில் திறந்து கிடக்கிறது, அதை எங்கள் வளாகத்திலிருந்து ஒருவர் வாசிக்கக் கேட்கிறார். இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் என்னை மிகவும் மகிழ்வித்தது உங்களுடையதுதான்.

அலஸ்தோட்டத்தில் அடிக்கடி கரண்ட் போகிறது. போனால் றூட்டரும் நின்றுவிடும், கிளவுட் மெஷினில் ஓடிக்கொண்டிருந்த வேலையும் செத்துவிடும். திரும்ப முதலிலிருந்து. அதோடு 'ஸ்பொட்' மெஷின் மலிவு என்கிறார்கள், எடுக்கலாமா?
– ஆய்வு உதவியாளர், அலஸ்தோட்டம்

உங்கள் வீட்டில் கரண்ட் போனது வர்ஜீனியாவில் இருக்கும் கணினிக்குத் தெரியவே தெரியாது. சாவது உங்களுடைய இணைப்பு. அந்த இணைப்பைப் பிடித்துக்கொண்டு வேலை ஓடியதால் அதுவும் சேர்ந்து சாகிறது. உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக டீமக்ஸ் என்று தட்டி ஒரு தனி அறையைத் திறந்து, பைப்லைனை (ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் படிகளின் கோவையை) அதற்குள் தொடக்குங்கள். இணைப்பு அறுந்தாலும் அறை அங்கேயே இருக்கும். கரண்ட் வந்த பிறகு மறுபடி நுழைந்து 'அற்றாச்' கொடுத்தால் விட்ட இடத்திலேயே திரை நிற்கும்.

ஸ்பொட் என்பது அவர்களிடம் சும்மா கிடக்கும் கணினியைக் குறைந்த விலைக்குத் தருவது. அவர்களுக்குத் தேவை வந்தால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அமேசான் இரண்டு நிமிடம் முன்னறிவிப்புத் தரும். கூகுளும் மைக்ரோசொஃப்டின் அசூரும் 30 விநாடிதான். இங்கே டீமக்ஸ் உதவாது, ஏனென்றால் கணினியே போய்விடுகிறது. இதற்குப் பைப்லைனை ஓட்டும் நெக்ஸ்ட்ஃப்ளோ என்ற கருவியின் 'ரெசூம்' வேண்டும். அது ஒவ்வொரு சிறு வேலைக்கும் உள்ளீடு, கட்டளை, பயன்படுத்திய கொண்டெய்னர் (மென்பொருளை அடைத்து வைத்த பொதி) எல்லாவற்றையும் சேர்த்து ஓர் அடையாளம் போட்டு வைக்கும். மறுபடி ஓட்டும்போது அடையாளம் மாறாதவற்றைத் தாண்டிப் போய், முடியாததிலிருந்து பிடிக்கும். இடைக் கோப்புகள் கிடக்கும் 'வேர்க்' அடைவை அந்தக் கணினிக்கு வெளியே, அமேசானின் எஸ்3 போன்ற களஞ்சியத்தில் வைத்தால்தான் இது கைகொடுக்கும். கணினியோடு அதுவும் போய்விட்டால் ரெசூம் செய்ய ஒன்றும் இருக்காது.

எடுக்கலாமா என்றால், எடுங்கள், ஆனால் பிரித்து எடுங்கள். குரோமோசோம் குரோமோசோமாகப் பிரித்து அரை மணி, ஒரு மணி ஓடும் துண்டு வேலைகளுக்கு ஸ்பொட் மிக நல்லது. போனால் ஒரு துண்டுதான் போகும். எல்லாவற்றையும் மேய்க்கும் தலைமை வேலையை மட்டும் சாதாரண விலையில் ஒரு சின்னக் கணினியில் வையுங்கள். மரபணு மாற்றங்களைக் கண்டுபிடிக்கும் ஜீஏடிகே மென்பொருளை உருவாக்கிய புரோட் இன்ஸ்டிடியூட் ஒரு மனித மரபணுவை ஓட்டும் செலவை 45 டொலரிலிருந்து 5 டொலர் அளவுக்கு இறக்கியதும் இந்த வழியில்தான்: ஒவ்வொரு படிக்கும் அதற்கு அளவான கணினி, முடிந்த இடமெல்லாம் இடையில் பறிபோகக்கூடிய மலிவு இயந்திரம்.

வேலை முடிந்ததும் கிளவுட் மெஷினை 'ஸ்டொப்' பண்ணிவிட்டேன். பிறகு தொடவே இல்லை. மாதக் கடைசியில் 44 டொலருக்குக் கிட்ட பில் வந்திருக்கிறது. ஓடாத மெஷினுக்கு ஏன் காசு?
– வாசகர், மூதூர்

எந்த நிறுவனம் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றிலும் கதை ஒன்றுதான். அமேசானின் வர்ஜீனியா விலைப்பட்டியலை வைத்துக் காட்டுகிறேன்.

ஸ்டொப் பண்ணினால் நிற்பது கணினியின் மணித்தியால வாடகை மட்டும். அதோடு இணைத்த வட்டு உங்கள் பெயரில் அப்படியே இருக்கும். பொதுவான எஸ்எஸ்டி வட்டுக்கு ஒரு ஜிபிக்கு மாதம் 8 சதம். 500 ஜிபி எடுத்திருந்தால் 40 டொலர். மெஷினுக்கு நிலையான ஐபி முகவரி ஒன்றை ஒதுக்கியிருந்தால் அதற்கு மணிக்கு அரைச் சதம், மாதம் 3.60 டொலர். கூட்டினால் 43.60. உங்கள் பில்லில் ஏறத்தாழ இந்த இரண்டு வரியும்தான் இருக்கும், விரித்துப் பாருங்கள். 'ஸ்னாப்ஷொட்' என்று மூன்றாவது வரி இருந்தால் அது நீங்கள் எப்போதோ எடுத்த வட்டுப் பிரதி.

அதனால் வேலை முடியும் நாளில் முடிவுக் கோப்புகளைக் களஞ்சியத்துக்கு நகர்த்துங்கள். அங்கே ஒரு ஜிபிக்கு மாதம் 2.3 சதம்தான். நகர்த்தியது முழுதாகப் போனதா என்று எம்டி5 எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் அடையாள எண்) இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மெஷினை 'டெர்மினேட்' செய்யுங்கள். அத்தோடு விடாமல் வட்டு, ஐபி, ஸ்னாப்ஷொட் பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். அமேசானின் கட்டுப்பாட்டுப் பக்கம் ஒரு நேரத்தில் ஒரு நிலையத்தை மட்டுமே காட்டும். சிங்கப்பூரில் பழகிப் பார்க்க எடுத்த மெஷின், வர்ஜீனியாப் பக்கத்தில் இருந்து பார்த்தால் தெரியாது. பில்லில் மட்டும் தெரியும். சில வகைக் கணினிகளில் உள்ளேயே ஒரு வேகமான வட்டு இருக்கும். அதற்குக் காசில்லை, ஆனால் ஸ்டொப் பண்ணிய உடனே அதில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும். அதில் முடிவுக் கோப்பை வைக்கவே கூடாது.

வெளியே எடுப்பதற்கும் விலை உண்டு. உள்ளே ஏற்ற ஒன்றும் இல்லை. வெளியே எடுக்க மாதம் முதல் 100 ஜிபிக்கு மேல் ஒரு ஜிபிக்கு 9 சதம். ஆகவே வீட்டுக்குக் கொண்டுவருவது கண்டுபிடித்த மாற்றங்களின் பட்டியலான விசிஎஃப் கோப்பு, தர அறிக்கை, படங்கள் ஆகியவைதான். பொருத்திய பெரிய கோப்புகளை அங்கேயே விடுங்கள்.

பட்ஜெட் எச்சரிக்கையை முதல் நாளே போட்டு வையுங்கள். ஆனால் அது கடிதம்தான் அனுப்பும், மெஷினை நிறுத்தாது. கடிதத்தைப் பார்க்கும் மின்னஞ்சலுக்கு அதைப் போடுவது முக்கியம்.

நெக்ஸ்ட்ஃப்ளோ ஓடிக்கொண்டிருந்துவிட்டு "எக்சிற் 137" என்று நின்றுவிடுகிறது. 64 ஜிபி மெஷின்தான். பெரிய மெஷின் எடுக்க வேண்டுமா?
– மாணவர், சாம்பல்தீவு

137 என்பது 128உம் 9உம் கூட்டியது. ஒன்பதாவது சமிக்ஞை கொடுத்து யாரோ அந்த வேலையைக் கொன்றிருக்கிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் கொன்றது லினக்ஸ். காரணம் ரேம் முடிந்தது. பெரிய மெஷினுக்குக் காசு கட்டும் முன்னர் எந்தப் படி என்று பாருங்கள். பிழைச் செய்தியிலேயே வேர்க் அடைவின் பாதை இருக்கும்: இரண்டு எழுத்தில் ஓர் அடைவு, அதற்குள் நீண்ட பெயரில் இன்னொன்று. அதற்குள் போய் மறைந்திருக்கும் கோப்புகளையும் காட்டச் சொன்னால், புள்ளியில் தொடங்கும் பெயர்களோடு ஓடிய கட்டளை ஒரு கோப்பிலும், பிழைச் செய்தி இன்னொன்றிலும், எக்சிற் எண் வேறொன்றிலும் இருக்கும்.

படி சாம்டூல்ஸ் சோர்ட் என்றால் காரணம் அனேகமாக இதுதான்: அதில் 'எம்' என்று கொடுக்கும் ரேம் அளவு மொத்த வேலைக்கும் அல்ல, ஒவ்வொரு திரெட்டுக்கும் (ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு கிளைக்கும்). 16 திரெட்டும் 4 ஜிபியும் கொடுத்தால் 64 ஜிபி கேட்கிறீர்கள், அதே குழாயில் துண்டுகளைப் பொருத்தும் பீடபிள்யூஏயும் ஓடிக்கொண்டிருக்கும். எம்மை 1 ஜிபியாகக் குறைத்தால் அதே மெஷினில் ஓடிவிடும். படி ஜீஏடிகே என்றால் ஜாவாவுக்கு ஒதுக்கிய ரேமைப் பாருங்கள். மெஷின் முழுவதையும் அதற்குக் கொடுக்காமல் சில ஜிபியை மிச்சம் விட வேண்டும்.

அதோடு 137 வந்தால் ரேமைக் கூட்டிக்கொண்டு தானாக மறுபடி முயலும்படி கொன்ஃபிக் கோப்பில் எழுதி வைக்கலாம். நான் எல்லாப் பைப்லைனிலும் அப்படித்தான் வைக்கிறேன்.

நெக்ஸ்ட்ஃப்ளோவா, ஸ்னேக்மேக்கா? எதைப் படிப்பது?
– வாசகி, கிண்ணியா

இரண்டும் பைப்லைன் ஓட்டும் கருவிகள்தான். உங்கள் மேற்பார்வையாளர் பாவிப்பதைப் படியுங்கள். அவர் எதுவும் பாவிக்கவில்லை என்றால்: பைதன் தெரிந்திருந்தால் ஸ்னேக்மேக் கெதியாக விளங்கும். கிளவுடில்தான் ஓடப்போகிறீர்கள், சொந்தமாக எழுதுவதைவிட ஆயத்தமான பைப்லைனை எடுத்து ஓட்ட விருப்பம் என்றால் நெக்ஸ்ட்ஃப்ளோ. என்எஃப்-கோர் என்ற சமூகம் மனித மரபணு மாற்றங்களுக்கு, ஆர்என்ஏவுக்கு, வைரஸுக்கு, பக்டீரியாச் சமூகங்களுக்கு என்று தனித்தனியாகப் பைப்லைன்களை எழுதிப் பரிசோதித்து இலவசமாக வைத்திருக்கிறது. எதை எடுத்தாலும் பைப்லைனின் பதிப்பு எண்ணைக் கட்டளையிலேயே எழுதுங்கள், 'புதியது எதுவோ அது' என்று விட வேண்டாம். ஆறு மாதம் கழித்துப் பரீட்சகர் கேட்கும்போது அதே முடிவு திரும்ப வர வேண்டும்.

ஆஸ்பத்திரி நோயாளிகளின் மாதிரிகளிலிருந்து எடுத்த வரிசைத் தரவைக் கிளவுடில் போட்டு ஆராயலாமா? பெயரையும் இலக்கத்தையும் அழித்துவிட்டுத்தான் போடுவோம்.
– மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், திருகோணமலை நகர்

கேட்டதற்கு முதலில் நன்றி. பலர் போட்டுவிட்டுப் பிறகு கேட்கிறார்கள்.

மனித மரபணுவைப் பொறுத்தவரை பெயரை அழிப்பது போதவே போதாது. 2013இல் மெலிசா கிம்ரெக், யானிவ் எர்லிக் குழுவினர் பெயரில்லாத பொதுத் தரவை எடுத்து, அதிலுள்ள வை குரோமோசோமின் குறிகளை வம்சாவளித் தளங்களோடு ஒப்பிட்டுக் குடும்பப் பெயரைக் கண்டுபிடித்து, வயதையும் இருப்பிடத்தையும் சேர்த்து 50 பேருக்குக் கிட்ட அடையாளம் கண்டார்கள். ஒரு சேர்வரையும் அவர்கள் உடைக்கவில்லை, எல்லாம் பகிரங்கமாகக் கிடந்தவை. எங்கள் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சொந்தம். ஓர் ஆளின் தரவு வெளியே போனால் சம்மதமே கொடுக்காத அவருடைய தம்பி, பிள்ளைகள், மச்சான் எல்லாரைப் பற்றியும் ஏதோ ஒன்று வெளியே போகிறது. இதை நான் மிகவும் பாரதூரமாக எடுக்கிறேன்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவை விசேட வகைத் தரவாக வைத்திருக்கிறது. ஆகவே நெறிமுறைக் குழுவின் அனுமதியில் கிளவுட் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். நோயாளி கையெழுத்திடும் தாளில், "உங்கள் தரவு வெளிநாட்டிலுள்ள கணினியில் வைத்து ஆராயப்படும்" என்று அவருக்கு விளங்கும் தமிழில் இருக்க வேண்டும். அமேசான், கூகுள், மைக்ரோசொஃப்ட் மூன்றுக்கும் இலங்கையில் நிலையம் இல்லை. கிட்டியது இந்தியாவும் சிங்கப்பூரும். மேலே தம்பிக்கு வர்ஜீனியா என்று எழுதினேன்; அது ஏற்கனவே பகிரங்கமான தரவு. உங்களுடையதற்கு எந்த நாட்டில் வைப்பது என்பதை விலையைப் பார்த்து முடிவெடுக்கக்கூடாது, அனுமதியில் என்ன இருக்கிறதோ அதுதான்.

நீங்கள் தேடுவது நோயாளியின் மரபணுவை அல்ல, அவருக்குள் இருக்கும் கிருமியை என்றால் ஒரு நல்ல வழி இருக்கிறது. இரத்தத்திலோ மூக்குத் துடைப்பிலோ எடுத்த மாதிரியை வாசிக்கும்போது கிருமியின் துண்டுகளோடு நோயாளியின் துண்டுகளும் சேர்ந்தே வரும், சில நேரம் அவைதான் கூட. அவற்றை உங்கள் ஆய்வுகூடக் கணினியிலேயே மனித மரபணுவோடு பொருத்தி, பொருந்தியவற்றை நீக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் ஏற்றுங்கள். அமெரிக்க அரசின் உயிரியல் தரவு நிலையமான என்சிபிஐ இதற்கென்றே ஒரு கருவியை இலவசமாகத் தருகிறது. ஏற்ற வேண்டிய கோப்பும் சிறுத்துவிடும், எங்கள் இணைய வேகத்துக்கு அதுவும் ஒரு நன்மை.

களஞ்சியத்தைப் பொதுவில் திறந்து விடாதீர்கள். கடவுச்சாவியைக் கட்டளைக் கோப்புக்குள் எழுதி, அந்தக் கோப்பை நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போடாதீர்கள். அங்கே சாவி தேடுவதற்கென்றே நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

என்னுடைய மகள் உயிரியல் பிரிவில் படித்தவள். இந்த மரபணுக் கொம்பியூட்டர் வேலையைப் படிக்கப் போகிறேன் என்கிறாள். நாங்கள் வயல் செய்கிற ஆட்கள். இதை ஊரில் இருந்துகொண்டு படிக்கலாமா? என்ன வாங்கிக் கொடுக்க வேண்டும்?
– ஒரு தகப்பன், தம்பலகாமம்

தாராளமாகப் படிக்கலாம், ஐயா. கணினி வெளியே இருப்பதால் ஊரிலிருந்தே படிக்கக்கூடிய வேலைதான் இது. 16 ஜிபி ரேம் உள்ள ஒரு லெப்டொப், பழையது என்றாலும் பரவாயில்லை. ஓரளவு நிதானமான இணைய இணைப்பு. கரண்ட் போனாலும் றூட்டர் ஓட ஒரு சின்ன பற்றரி. கிளவுட் கணக்கும் வங்கி அட்டையும் இப்போதைக்கு வேண்டாம். முதலில் அந்த லெப்டொப்பில் லினக்ஸைப் போட்டு, கறுப்புத் திரையில் கட்டளை தட்டிப் பழகட்டும், பிறகு பைதன், அதற்குப் பிறகு ஒரு பக்டீரியாவின் தரவை முதலிலிருந்து கடைசிவரை தானே ஓட்டிப் பார்க்கட்டும். அது முடிந்தால்தான் கிளவுட்.

வயல் செய்கிறோம் என்று எழுதியிருப்பதால் இதையும் சொல்கிறேன். நெல்லின் மரபணு 2005இலேயே முழுதாக வெளியாகிவிட்டது. பிறகு 89 நாடுகளைச் சேர்ந்த 3,024 நெல் வகைகளை வாசித்து, அந்தத் தரவையும் கிளவுடில் பொதுவில் வைத்திருக்கிறார்கள். கேரளத்துப் பொக்காளி நெல் உப்புத் தண்ணீரைத் தாங்குவதற்குக் காரணமான பகுதி முதலாம் குரோமோசோமில் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். அதற்கு சால்டோல் என்று பெயர். வெள்ளத்தில் முழுதாக மூழ்கினாலும் இரண்டு கிழமைவரை தாக்குப்பிடிக்கும் ஜீன் ஒன்பதாம் குரோமோசோமில் இருக்கிறது. வயலுக்குள் உப்புத் தண்ணீர் ஏறுவதும், மாரியில் வெள்ளம் நிற்பதும் எங்கள் மாவட்டத்து விவசாயிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. மகள் பக்டீரியாவை முடித்த பிறகு, அந்த மூவாயிரத்தில் இலங்கையிலிருந்து போன வகைகள் எவை என்று பட்டியலில் தேடி எடுத்து, அவற்றில் சால்டோல் பகுதியை மட்டும் பார்க்கட்டும். முழுக் கோப்பையும் இறக்கத் தேவையில்லை. எப்படி என்பதை மேலே நிலாவெளி வீதித் தம்பிக்கு எழுதிய பதிலில் விவரமாகச் சொல்லியிருக்கிறேன். இடையில் எங்காவது சிக்கினால் பிழைச் செய்தியை முழுதாகப் பிரதிசெய்து இந்தப் பகுதிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.